கல்யாணக் கார் பார்க்கப் போனவர்கள்

கொள்ளேகாலிலிருந்து மைசூர் வரும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட, பழைய சொகுசுக் கார் ஒன்றைப் பார்க்கப் போகிறார்கள். அந்த அம்மா பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தார்.

“ஏ புள்ள, காரு பாக்கறதுக்கு எதுக்குப் பட்டு?”

“கல்யாணப் பொண்ணு பட்டு கட்டித்தானுங்களே ஏறுவா? நம்ம பழைய கார்ல ஏறறப்ப சடைப்பூ இடிச்சுப் பிஞ்சு, அந்தப் பொண்ணு அழுதுச்சே. அதுக்கப்புறம் ஒரு கல்யாணத்துக்காவது நம்மளக் கூப்பிட்டாங்களா?”

“காரு புரோக்கர் சிரிப்பானே.”

“சிரிக்கட்டுமுங்க. இஞ்சினை நீங்க பாருங்க. நான் ஏறி எறங்கிப் பாக்கறேன். பூ இடிச்சா இந்தக் காரு வேண்டாம்.”

“அப்போ மாப்பிள்ளைக்கு யாரு ஏறிப் பாக்கறது?”

“மாப்பிள்ளைங்க வைக்கிற மைசூர்த் தலைப்பா ஒண்ணு பையில இருக்குது. அது உங்களுக்குத்தானுங்க.”

அவர் பையிலிருந்து தலைப்பாவை எடுத்துத் தலையில் வைத்து, நேராக இருக்கிறதா என்று மனைவியிடம் கேட்டார்.