நடுவாந்தர ரிசல்ட்டு

— இன்னுமா மச்சான் அந்தப் போட்டோவையே பாத்துக்கிட்டு இருக்கிய? அசருக்குப் பாங்கு சொல்லியாச்சு. சாயங்கால வியாபாரத்துக்கு மாவு பிசைய வேண்டாமா?

— இரு ஷரீபா. சுப்ஹானல்லா! இது உன் குடலுக்குள்ள எடுத்ததுன்னு நம்பவே முடியலியே. வெல்வெட்டுத் துணி கணக்கால்லா இருக்கு.

— குழாய் போனது என் தொண்டையில. வாயைப் பிளக்கது நீங்க.

— கேலி பண்ணாத பிள்ள. டாக்டரம்மா சொன்னதைக் கேட்டேல்லா? அந்த வெல்வெட்டு பூரா பொடிப்பொடி விரலாம். திங்கிற சோத்துலேர்ந்து சத்தை எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கது அதுதானாம். எல்லாத்தையும் விரிச்சுப் போட்டா நம்ம கடை அளவுக்கு வருமாம். அதுமேல இருக்க தோலு நாலஞ்சு நாளைக்கு ஒருக்க புதுசா முளைக்குமாம். இருபது வருசமா ஊரு வயித்தை நிரப்புதேன், வயித்துக்குள்ள இப்படி ஒரு வேலை நடக்குன்னு தெரியாமலே இருந்துட்டேன்!

— குழாய் உள்ள போகும்போது நானும் பக்கத்து டிவியில பாத்தேன் மச்சான். கண்ணுல தண்ணியா ஊத்துது. ஆனாலும் மூட மனசு வரலை. எனக்குள்ள நானே பாக்காத இடத்துக்கு வெளிச்சம் போகுது. துஆ ஓதக்கூட மறந்துட்டேன்.

— பாத்தியா! உனக்கும் அப்படித்தான இருந்திருக்கு!

— சரி, அதெல்லாம் இருக்கட்டும். கோதுமை ஆகாத அந்த நோய் எனக்கு இருக்கா, இல்லியா? அதை மட்டும் யாரும் சொல்லலியே.

— அதான் நடுவாந்தரமா நிக்குது. ரத்த டெஸ்ட்டுல லேசாத் தெரியுதுங்காவ. சதை எடுத்துப் பாத்ததுல, இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் இருக்கும்ங்காவ. எல்லாம் நீ பண்ணின வேலை.

— நான் என்ன பண்ணினேன்?

— சப்பாத்தி, பரோட்டா, ரஸ்க்கு எதுவும் ஒத்துக்கலைன்னு டெஸ்ட்டுக்கு முன்னாடியே ரெண்டு மாசமா நீயா நிப்பாட்டிட்டியே. கோதுமை உள்ள போகாட்டா குடல் தன்னால ஆற ஆரம்பிச்சிருமாம். அப்புறம் டெஸ்ட்டுல எங்க தெரியும்?

— வலிச்சா யாரு திம்பா?

— திங்கவே வேண்டாம்ங்கேன். நான் முடிவு பண்ணிட்டேன். இன்னையிலேர்ந்து இந்த வீட்டுல கோதுமை, மைதா, ரவை எதுவும் கிடையாது. பெருங்காயத்துலகூட மைதா கலக்காங்களாம். டப்பாவைத் தூக்கி அடுத்த வீட்டுல கொடுத்துட்டேன்.

— நல்லா இருக்கு! ரசத்துக்கு நான் என்னத்தைப் போட?

— கடையிலயும் பரோட்டா வேண்டாம். சட்டை பூரா மாவோட வந்து உன் பக்கத்துல எப்படி உக்காருவேன்? இடியாப்பமும் பாயாவும் போடுதேன்.

— கிறுக்கா பிடிச்சிருக்கு? ஆதம் கடை பரோட்டான்னு ராயகிரியிலேர்ந்து பைக்குல வாராங்க.

— வந்தவன் இடியாப்பம் திங்கட்டும். நீ நாலு படி ஏறுனா மூச்சு வாங்கி உக்காந்துருவ. நான் என்ன சொல்லுவேன்? "சோம்பேறிப் பீவி"ன்னு ஆளுங்க முன்னால வச்சுச் சிரிப்பேன். இன்னைக்கு டாக்டரம்மா என்னைப் பாத்து என்ன கேட்டாவ?

— விடுங்க மச்சான்.

— "ரத்தம் ஆறு பாயிண்டுதான் இருக்கு, இவங்க எப்படி நடந்து வந்தாங்க?"ன்னு கேட்டாவ. நடந்து மட்டுமா வந்தா? இந்த ரத்தத்தை வச்சுக்கிட்டுல்லா முப்பது நோம்பும் பிடிச்சா. மூணு வேளை ஆக்கிப் போட்டா. கடைச் சால்னாவுக்கு மசாலா அரைச்சுக் கொடுத்தா. அல்லாஹ் உன்னை என்னத்தைக் கொண்டு படைச்சான் ஷரீபா? உன்னை நிமிந்து பாக்கவே எனக்குக் கூச்சமா இருக்கு.

— அழாதிய. இங்கன வந்து உக்காருங்க. ஒன்னு சொல்லுதேன், கோவப்படக் கூடாது.

— சொல்லு.

— கடையில எதையும் மாத்தாதிய. ரத்தத்துக்கு ஊசி போட்டு முடிச்சதும், தினம் எனக்கு ரெண்டு பரோட்டா கொண்டாங்க.

— என்னது?

— எட்டு வாரத்துக்கு. அப்புறம் மறுபடியும் அதே டெஸ்ட்டு. நீங்க மாத்திரை வாங்கப் போனப்ப டாக்டரம்மாகிட்ட கேட்டேன். அப்படிப் பண்ணினா தெளிவாத் தெரியும்னாவ. வலி திரும்பி வரும்னும் சொன்னாவ.

— முடியவே முடியாது. என் கையாலயே உனக்கு வலியைச் சுட்டுத் தரவா? நிப்பாட்டினா சுகமா இருக்கேல்லா, அது போதும். நோய்க்குப் பேரு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?

— எனக்கு மட்டும்னா போதும் மச்சான். ஆனா இது ரத்த வழியா வாரதாம். தாய்க்கு இருந்தா பிள்ளைக்கும் பாக்கணுமாம். எனக்கு இருக்கா இல்லியான்னே தெரியாம, ஒம்பது வயசுப் பிள்ளை தொண்டைக்குள்ள அந்தக் குழாயை விடுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

— நம்ம பர்ஹத்துக்கு என்ன? தினம் நான் கொண்டுவார பரோட்டாவை மிச்சம் வைக்காமத் திங்காளே!

— திங்கலை மச்சான், கொல்லையில பூனைக்குப் போடுதா; ஏன்ட்டின்னு கேட்டா, "வயிறு வலிக்கு உம்மா, வாப்பாகிட்ட சொல்லிராத, எனக்குன்னு ஆசையாப் போட்டுக் கொண்டாராங்க"ங்கா.