தொட்டியம் லைன்

— பேரு வரலேன்னா போகட்டும், ரங்கநாயகி. அதுக்காக இப்படி வாடிப் போயிடுவாங்களா? இந்தா, பூவன். நம்ம கொல்லையில வெட்டின தாரு. முத பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டு வந்தேன்.

— அங்க வைங்கப்பா.

— பாரு, நான் என்ன சொல்றேன்னா, அந்த பெங்களூர் ட்ரெயினிங் இல்லாட்டி என்ன? டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல உக்காந்து ஹலோ ஹலோங்கறதே நமக்குப் பெருசு. தொட்டியத்துல வேற எவன் வீட்டுல பொண்ணு பி.எஸ்சி. படிச்சிருக்கு?

— ஹலோ சொல்றதுக்கு ஃபிசிக்ஸ் வேண்டாம்ப்பா.

— அதுக்கு? போர்டுக்குப் பின்னால போயி ஒயரு முறுக்கணுமா? டீக்கடையில வெள்ளைச்சாமி கேக்கறான், "மாமா, உங்க மக கம்பத்துல ஏறப் போவுதாமே, சேலையோடயா, இல்ல வேட்டி கட்டிக்குமா"ன்னு. அத்தனை பேரும் சிரிச்சானுங்க. நானும் சிரிச்சேன்.

— நீங்களுமா?

— வேற என்ன பண்ணச் சொல்ற?

— கம்பம் இல்லப்பா. மெஷின் ரூம். எங்க பழுதுன்னு கண்டுபிடிச்சு சரி பண்ற வேலை. பரிட்சையில நான்தான் முதல்.

— தெரியும் தாயி. ஊரு பூரா சொன்னதே நான்தான். அதுதான் வினையாப் போச்சு... அட, பொட்டி கூட கட்டிட்டியா? நல்லது. உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். முசிறிலேருந்து பொண்ணு பாக்க வராங்க.

— இது தொட்டியத்துக்குக் கட்டல. பெங்களூருக்கு.

— உம் பேரைத்தான் எடுத்துட்டாங்களே!

— யாரு சொன்னாங்க உங்களுக்கு?

— நீதான்... கடுதாசியில எழுதியிருந்தியே?

— எழுதலப்பா.

— வெயில் இப்பவே என்னமா கொளுத்துது. கொஞ்சம் தண்ணி குடு.

— இந்தாங்க.

— இன்னும் கொஞ்சம்.

— எடுத்தது நெசம்தான். எனக்கு வலிப்பு வருமாம். கரண்டு பக்கம் விடக் கூடாதாம்.

— மெதுவாப் பேசு. கீழ வீட்டுக்காரம்மா இருக்காங்க.

— புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "எனக்கு வலிப்பு இருக்கான்னு பாருங்க டாக்டர்"னு நானே கேட்டேன். கண்ணுல லைட்டு அடிச்சுப் பாத்தாரு, முட்டியில தட்டிப் பாத்தாரு. "ஒண்ணுமில்லையே, யாரும்மா உனக்கு இருக்குன்னு சொன்னது?"ன்னாரு.

— நீ என்ன சொன்ன?

— தெரியலைன்னேன்.

— ரங்கநாயகி...

— சர்ட்டிபிகேட்டைக் குடுத்தேன். நேத்து ஆபீசரு எம் பேரைத் திரும்பவும் சேத்துட்டாரு. சாயந்திரம் வண்டி.

— ஏந்தாயி, வலிப்பு கிலிப்புன்னு பேச்சு வெளிய போயி, முசிறிக்காரங்க காதுல விழுந்தா?

— சொல்லும்போது அது தோணலையாப்பா?

— முதல்ல காய்ச்சல்னுதான் சொன்னேன். "தேறினதும் வரட்டும், இடம் வச்சிருப்போம்"னுட்டாரு உங்க ஆபீசரு. தேறாத ஒண்ணாப் பாத்து சொல்ல வேண்டியிருந்துச்சு. சட்டுனு வாயில அதுதான் வந்துச்சு. போனை வச்ச பிறவு தபாலாபீசு வாசல்லயே உக்காந்துட்டேன். வீட்டுக்குப் போகக் கால் வரல.

— அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் செஞ்சேன்னு சொல்லாதீங்க. அம்மாவுக்குத் தெரியுமா?

— தெரியாது. தெரிஞ்சா என் மூஞ்சியில முழிக்க மாட்டா. அந்த ஆபீசர் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்தாரே!

— அவர் சொல்லல. இன்னிக்கி வரைக்கும் சொல்லல.

— அப்ப தபாலாபீசு நல்லுசாமியா? அவனை வெளிய நிக்க வச்சுட்டுத்தான் பேசினேன். அதுவும் வெள்ளிக்கிழமையாப் பாத்து. உனக்கு லீவு, தாயார் சன்னதிக்குப் போயிருப்பன்னுதான்...

— போகல. அழகம்மாள் வீட்டுல விசேஷம். டூட்டி மாத்திக் குடுத்தேன்.

— அன்னிக்கா?

— தொட்டியம் லைன்ல எப்பவும் இரைச்சல். லைனைச் சேத்துக் குடுத்து, ரெண்டு பக்கமும் கேக்குதான்னு பாத்துட்டு விலகிடணும், அதுதான் ரூல். என் பேரு கேட்டுச்சு. விலகல. அது தப்பு. அதை நினைச்சா எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு.

— பேச்சு நடுவுல லைன்ல ஒரு பொண்ணு வந்து இங்கிலீஷுல என்னமோ கேட்டுச்சே...

— மூணு நிமிஷம் ஆயிடுச்சு, இன்னும் பேசணுமான்னு கேட்டேன். "கட் பண்ணிடாத தாயி, எம் மக வாழ்க்கை விஷயம்"னீங்க. கட் பண்ணலப்பா. இன்னும் மூணு நிமிஷம் குடுத்தேன்.