மூன்றாவது முத்திரை

மேடையில் வீற்றிருக்கும் யோகோத்தே ஊறுகாய்ச் சங்க நிர்வாகிகளே, ஐயாவின் துணைவியார் மிசாவோ அம்மையார் அவர்களே, பனியில் நடந்து வந்து கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

என் பெயர் குசாகாபெ எய்ஜிரோ. திடுக்கிடாதீர்கள்! அதோ, கறுப்பு நாடா கட்டிய படத்தின் கீழே எழுதியிருப்பதும் அதே பெயர்தான். உள்ளே நுழைந்ததும் படித்தேன்.

ஊறுகாய்ச் செம்மல் எய்ஜிரோ ஐயா முள்ளங்கியைப் புகையில் தொங்கவிட்டு, தவிட்டில் ஊறவைத்து, நாற்பது ஆண்டுகளில் சம்பாதித்த பெயர் அது. வெளியூர்க்காரன் ஒருவன் சாயமேற்றிய முள்ளங்கியில் அந்தப் பெயரை ஒட்டி விற்றான். அவனைத் தடுக்க ஐயா வணிகக்குறிப் பதிவுக்கு விண்ணப்பித்தார். நிராகரித்தார்கள். ஏன்? உயிரோடிருக்கும் வேறொருவரின் பெயரை அவர் சம்மதமின்றிப் பதிய முடியாதாம்!

"எம்பேரு எப்படிய்யா அடுத்தவன் பேராகும்?" என்று அதிகாரியிடமே கேட்டாராம் ஐயா.

தேடிப் பார்த்தால், எங்கள் பெயரில் அவரைத் தவிர மூவர் இருந்தோம். ஒரு பல் மருத்துவரும் ஒரு பள்ளி ஆசிரியரும் கேட்டவுடனே சம்மதக் கடிதத்தில், கையெழுத்துக்குப் பதிலாக நாம் வைக்கும் பெயர் முத்திரையை வைத்துக் கொடுத்தார்கள். மூன்றாமவன் நான், சகாத்தா நகரில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியன். நான் வைக்கவில்லை.

பத்தொன்பது முறை வந்தார்! கையில் ஊறுகாய்ப் பொட்டலம். கதவைத் திறந்ததும், "என்ன, நான் சௌக்கியமா?" என்பார்.

"நான் கொஞ்சம் இளைச்சுட்டேன் போலருக்கே," என்பேன் அவரைப் பார்த்து.

சாப்பிடுவோம், சிரிப்போம். பிறகு கடிதத்தை எடுப்பார். "யோசிக்கணும்," என்பேன். என்ன யோசனை? ஒரு யோசனையும் இல்லை! என் மனைவி போன பிறகு அந்தக் கதவைத் தட்டியவர் அவர் ஒருவரே. முத்திரை விழுந்துவிட்டால் ஏன் வரப்போகிறார்? வைத்தால் நண்பர் போவார், வைக்காவிட்டால் நண்பரின் பெயர் போகும். நடுவில் ஆறு வருடம் மாட்டிக்கொண்டு விழித்தேன். உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. இரண்டாம் முறையும் நிராகரித்தார்கள். போலி ஊறுகாய் விற்றுக்கொண்டே இருந்தது. இன்று வெட்கத்தில் கூசி நிற்கிறேன்.

இதையெல்லாம் வாசலில் அம்மையாரிடம் சொல்லி அழுதேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"அது அவருக்குத் தெரியுமேங்க. 'நெருக்கினா வச்சுடுவான் மிசாவோ, அப்புறம் தனியா ஒக்காந்து சாப்பிடுவான், பாவம்'னு சொல்லிட்டிருப்பாரு."

இதோ அந்தக் கடிதம். உங்கள் கண்ணெதிரே முத்திரை வைக்கிறேன். அம்மையார் பதிவு செய்யட்டும். முள்ளங்கி கட்டித் தொங்கவிட ஆள் போதவில்லை என்று கேள்விப்பட்டேன். சங்கத்தாரே, வேலையாட்கள் பட்டியலிலிருந்து ஐயாவின் பெயரை அடித்துவிட வேண்டாம். வரும் அறுவடைக்குக் குசாகாபெ எய்ஜிரோ வேலைக்கு வருவான்.