ஜன்னலில் செருகிய பாதாம்

பாதாம் பூவுக்கு மணம் உண்டா என்று கேட்டால் எங்கள் ஊரிலேயே பாதிப் பேர் இல்லை என்பார்கள். உண்டு. மதியம் காற்று நின்றபிறகு மரத்தடியில் சும்மா நின்றால் தெரியும். தேனில் லேசாகக் கசப்பு கலந்த மாதிரி இருக்கும். அதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது எப்போதும் இருந்திருக்கிறது, சார்ஜெண்ட்.

காப்பியைக் குடியுங்கள், ஆறிவிடும். பிரான்சினா சொல்லித்தான் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். அவள்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. என் தம்பி தமியா ஜன்னலைச் சாத்திவிட்டுக் கணப்பருகே தூங்குகிற ஆள் இல்லை என்று அவள் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். சரியாகத்தான் சொல்கிறாள்.

நீங்கள் தீவுக்குப் புதியவர். பிப்ரவரியில் இந்தக் கல்வீடுகளுக்குள் வெளியைவிடக் குளிர் அதிகம் என்பதை இதற்குள் கண்டிருப்பீர்கள். பாதாம் ஓடுகளை முற்றத்தில் எரித்து, அது தணலாகிச் சாம்பல் பூத்தபிறகுதான் கணப்புச் சட்டியை உள்ளே கொண்டுவந்து மேசைக்கடியில் வைப்போம். கொண்டுவருகிறவர் ஜன்னல் இடுக்கில் ஓட்டோடு ஒரு பாதாமைச் செருக வேண்டும். ஜன்னலின் பச்சை மரக்கதவு முழுக்க மூடிக்கொள்ளாது, கெட்ட காற்று வெளியே போய்விடும். எங்கள் வீட்டில் இதை யாரும் சரிபார்ப்பதில்லை. சட்டி வந்துவிட்டதென்றால் பாதாமும் வைத்தாயிற்று என்று அர்த்தம். அம்மா இறந்ததிலிருந்து சட்டியைக் கொண்டுவருவது நான்தான். தமியா ஒருநாளும் ஜன்னலைத் திரும்பிப் பார்த்ததில்லை.

நாங்கள் இரண்டே பேர். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அவனுக்கு ஒன்றிரண்டு இடம் வந்தது, சரிப்படவில்லை. சரிப்படாமல் போனதற்கு நான் கொஞ்சம் காரணமாக இருந்திருக்கலாம். அக்காமார் செய்கிறதுதான்.

பிறகு மரங்களுக்கு நோய் வந்தது. இலை ஓரத்திலிருந்து கருகி, கிளை காய்ந்து, மரம் நின்றபடியே சாகும் நோய். தீவு முழுக்கச் செத்துக்கொண்டிருந்தன. ஆனால் போன வருடம் எங்கள் தோப்பு பூத்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தரையே தெரியவில்லை. அந்த வாரத்தில்தான் தமியா சாப்பாட்டு மேசையில் பேச்சை எடுத்தான்.

"பூ உதிரட்டும்க்கா. அப்புறம் எல்லாத்தையும் வெட்டிடலாம்னு இருக்கேன்."

"என்னடா பேசுற? எந்த வருஷம் இப்படிப் பூத்திருக்கு? கண்ணு அவிஞ்சு போச்சா?"

"நீ பூவையே பாத்துட்டு இருக்க. நான் பட்டையைப் பாக்குறேன். பாதி செத்தாச்சு."

"வெட்டிட்டு என்ன பண்ணப் போற? வானத்தைப் பாத்துட்டு உக்காரப் போறியா?"

அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான், தின்னவில்லை. "சோயேர் டவுன்ல பிரான்சினாவோட ரொட்டிக்கடைக்கு ஆள் வேணுமாம்."

"ஆள் வேணுமா, புருஷன் வேணுமா?"

"ரெண்டும்தான்னு வெச்சுக்கயேன்."

சிரித்தான். அறுபது வயதுக்காரனுக்குக் காது சிவந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எனக்கு மரங்களைப் பற்றித்தான் கவலை. தாத்தா ஒட்டுக்கட்டி வளர்த்த மரங்கள். பூவோடு நிற்கிற ஒன்றை வெட்டலாம் என்று நினைப்பதே பாவம். அதைத் தடுக்க ஒருவர் வேண்டாமா? இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை முயல் கறி போட்டுச் சோறு ஆக்கினேன். பாதாம் கேக்கும் செய்தேன். மாவு சேர்க்காமல் பாதாமும் முட்டையும் மட்டும் போட்டுச் செய்வது, அவனுக்கு உயிர். இரண்டு துண்டு தின்றான். "இந்த மாதிரி சோயேர்ல கிடைக்காதுக்கா," என்றான். கிடைக்காதுதான்.

வழக்கம்போல் சின்ன அறையில் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினான். நான் சட்டியைக் கொண்டுபோய் வைத்தேன். அன்று சாம்பல் பூக்கும்வரை காத்திருக்கவில்லை. ஆனாலும் கை பழக்கத்தில் பாதாமைச் செருகிவிட்டது. அந்த நிமிடம்வரை எதுவும் முடிவாகவில்லை என்றுதான் சொல்வேன். போர்வையை அவன் முழங்காலுக்கு மேலே இழுத்துவிட்டேன்.

"அக்கா, நீயும் எங்ககூட வந்துடேன்," என்றான், கண்ணைத் திறக்காமல்.

எங்ககூட. அந்த வீட்டில் அதுவரை 'நாங்கள்' என்றால் நானும் அவனும்தான்.

பாதாமை எடுத்தேன். முற்றத்துக்குப் போய் ஜன்னலின் பச்சைக் கதவைச் சாத்திக் கொக்கியை வெளியிலிருந்து மாட்டினேன். அறைக் கதவையும் சாத்தி வெளியே தாழிட்டேன். கையில் பாதாம் இருந்தது. முற்றத்துக் கல்லில் வைத்து உடைத்துத் தின்றேன். இனிப்புப் பாதாம்.

பிறகு பக்கத்துத் தோட்டத்து மிக்கேலாவோடு பூப் பார்க்கப் போனேன். ஒவ்வொரு வருடமும் போவதுதான். தேனீக்கள் இரைந்துகொண்டிருந்தன. காற்று வந்தபோதெல்லாம் தலையில் இதழ்கள் விழுந்தன. மிக்கேலா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னடி இது, மரத்தைவிட உன் மூஞ்சி பூத்திருக்கு? யாராவது பொண்ணு கேட்டு வந்தாங்களா?"

"வந்தா உனக்குச் சொல்லாமயா?"

"தமியா வரலையா?"

"தூங்குறான்."

"கொடுத்து வெச்சவன்," என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக நான் பூப் பார்த்ததில்லை. மிக்கேலாவுக்குக் கால் வலித்தது, வீட்டுக்குப் போகலாம் என்றாள். நான்தான் இன்னொரு சுற்று என்று கையைப் பிடித்து இழுத்துப் போனேன்.

தூங்குகிற மாதிரியே நாற்காலியில் இருந்தான் என்று அப்போது எல்லோரிடமும் சொன்னேன். டாக்டரும் அதைத்தான் பார்த்தார். ஆனால் நான் கதவைத் திறந்தபோது அவன் நாற்காலியில் இல்லை. ஜன்னலுக்குக் கீழே தரையில் கிடந்தான். நகங்களில் பச்சைப் பெயின்ட் ஏறியிருந்தது. தூக்கி உட்காரவைப்பது சிரமமாக இருந்தது. சின்னதில் இடுப்பில் வைத்துச் சுமந்த பிள்ளை. நகங்களை ஊசியால் சுத்தம் செய்தேன், போர்வையைப் போர்த்தினேன், வெளிக் கொக்கியைக் கழற்றினேன். அதன்பிறகுதான் கத்தினேன். இதழ்கள் உள்ளே பறந்து வந்ததால் அவனே எழுந்து சாத்தியிருப்பான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

அன்றிலிருந்து, மதியச் சாப்பாடு முடிந்ததும், அந்த அறையில் சுரண்டுகிற சத்தம் கேட்கிறது. எலி இல்லை. எலி இரும இருமச் சுரண்டாது. ஜன்னலைக் கழற்றியே போட்டுவிட்டேன், பாருங்கள், மழை உள்ளே அடித்துச் சுவர் பாழாகிவிட்டது. "தொறந்துதான்டா இருக்கு, வெளிய வாடா," என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அவனுக்குக் கேட்கவில்லை. இல்லாத கதவைச் சுரண்டுகிறான். எனக்குப் பயமாக இருக்கிறது, சார்ஜெண்ட். இருந்தாலும் அந்த நேரத்தில் நான் வெளியே எங்கும் போவதில்லை. அவன் வீட்டில் இருக்கும்போது நான் எங்கே போவது?

உள்ளே வரும்போது தோப்பைப் பார்த்திருப்பீர்கள். வெறும் அடிக்கட்டைகள். நோயினால் இல்லை. போன கோடையில் நான்தான் ஆள் வைத்து வெட்டச் சொன்னேன், நல்ல மரங்களையும் சேர்த்து. வெட்டினவன்கூட இரண்டு முறை கேட்டான், "நெசமாவாம்மா?" என்று.

இல்லை, நான் சொன்னதில் மாற்றம் இல்லை. மரங்களுக்காகத்தான் செய்தேன். வெட்டியது வேறு விஷயம். அவை நின்றவரை சமையலறையிலிருந்து இடுகாட்டுச் சுவர்கூடத் தெரியாது. இப்போது சத்தம் ஆரம்பித்ததும் அங்கே போய் நின்று பார்த்துக்கொள்கிறேன். வலது ஓரத்தில் மூன்றாவது கல் அவனுடையது. சோயேருக்குப் போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறான்.