வரேன் என்று ஒரு தட்டு

மாலை ஆறேமுக்கால். தெருவிளக்கு எரியவில்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் நீண்ட சாலை... ஒரு நாய்கூட இல்லை. தோளில் கணினிப் பையோடு அண்ணன் நடந்து வந்துகொண்டிருந்தார்.

"நடந்தா? அந்த இருட்டுல ஓடி வந்திருக்க வேணாமா?" என்றார் மருந்துக்கடை அக்கா.

"அதானே கதை. அவசரமே இல்லாம வந்தாரு," என்றார் தையல்காரர்.

வேலை முடிந்து நாங்களெல்லாம் படிக்கிற மாலை வகுப்பில் அன்று மின்சாரம் போய்விட்டது. வெளியே மழை. பெஞ்சுகளை நெருக்கிப் போட்டு, ஒரே ஒரு கைபேசி வெளிச்சத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். தையல்காரரின் பெரியம்மா மகனுக்கு, அவர் அண்ணன் என்று சொல்பவருக்கு, நடந்ததாம். கேட்டதைக் கேட்டபடி எழுதப் பார்க்கிறேன். அந்தக் குரல் மட்டும் எழுத்தில் வராது.

அண்ணனுக்கு வீட்டிலிருந்தே வேலை. ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தருவது. அடுத்த அறையில் அப்பா. பக்கவாதத்தில் பேச்சு போய், இடது கை மட்டும் மிச்சம். ஏதாவது வேண்டுமென்றால் மோதிரம் போட்ட விரலால் சுவரைத் தட்டுவார். ணக்... ணக். இரண்டு தட்டு என்றால் 'வா'. இந்தப் பக்கமிருந்து அண்ணன் விரல் முட்டியால் ஒரே தட்டு. டொக். 'வரேன்.' அது கேட்டால் போதும், அப்பா அடங்கிவிடுவார்.

ஒருநாள் மேலதிகாரியோடு பேசிக்கொண்டிருக்கும்போது, ணக் ணக்.

"என்னப்பா அங்க சத்தம்?"

"பக்கத்து வீட்டுல ஆணி அடிக்கிறாங்க சார்."

அண்ணி காதில் விழுந்துவிட்டது. "மாமாவுக்கு ஆணின்னு பேரு வெச்சாச்சா?" என்று சிரித்தாள். அண்ணனால் சிரிக்க முடியவில்லை.

அந்த வாரமே பலரும் மேசை எடுத்து வேலை செய்கிற ஒரு பொது அலுவலகத்தில், தனக்கும் ஒரு மேசை மாத வாடகைக்குப் பிடித்தார். கண்ணாடிக் கதவு, தரைவிரிப்பு வாடை, காப்பி இயந்திரத்தின் உறுமல். அங்கே யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. அண்ணியும் வேலைக்குப் போகிறவள். எதிர்வீட்டு அம்மாவிடம் சாவியைக் கொடுத்து, அவ்வப்போது எட்டிப்பார்க்கச் சொன்னார்கள்.

அப்பாவிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "கடை வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்பா." தினமும் அதே கடை. அப்பா மகனின் முகத்தைப் பார்க்கமாட்டார். தோளில் தொங்கும் பையைப் பார்ப்பார்.

அன்று மதியம்... சுவரோர மேசை. காதில் ஹெட்போன். திடீரென்று, அப்பாவுக்குத் தேய்த்துவிடும் வலித் தைல வாடை. ஹெட்போனைக் கழற்றினார். சுவருக்குள்ளிருந்து, ணக்... ணக்.

பழகிய கை. யோசிப்பதற்குள் போய்விட்டது. டொக்.

சத்தம் நின்றது.

"சுவத்தத் தட்டிப் பாக்கறீங்களே, வெலைக்கு வாங்கப் போறீங்களா சார்?" என்றாள் எதிர்மேசைப் பெண். அப்போதுதான் எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்கு உறைத்தது.

வீட்டுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டால் கிளம்பிப் போகவேண்டி வரும்... ஒரு பதிவு பாக்கி இருந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ணக் ணக். மறுபடி டொக். கடைசியில் அந்தப் பக்கம் முழு அமைதி. அன்றைக்குப் போல நிம்மதியாக என்றைக்கும் வேலை பார்த்ததில்லையாம்.

சாயங்காலம் அந்த இருட்டுச் சாலையில் நடந்து வீடு வந்தபோது, வாசலில் எதிர்வீட்டு அம்மா நின்றிருந்தார். முந்தானையால் வாயைப் பொத்தியபடி.

"நீ எப்ப தம்பி வெளிய போன?"

"காலையிலயே போயிட்டேனேம்மா."

"மத்தியானம் நான் வந்து பாத்தப்ப அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கிட்டு இருந்துச்சு. சுவத்தத் தட்டினாரு. உன் அறையிலேர்ந்து நீ பதிலுக்குத் தட்டின. என் ரெண்டு காதாலயும் கேட்டேன். பையன்தான் இருக்கானே, பாத்துக்குவான்னு திரும்பிப் போயிட்டேன்பா..."

உள்ளே அப்பாவின் முகம் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. கண் மூடவில்லை.

விரல் வீங்கியிருந்ததால் மோதிரம் கழலவில்லை. அதோடுதான் அனுப்பினார்கள்.

மேசையைக் காலி செய்யப் போன அன்றுதான் அண்ணன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். மூன்றாவது மாடி. அவர் சுவருக்கு அந்தப் பக்கம் அறையே இல்லை. வெறும் வானம்.

இப்போது மறுபடியும் வீட்டில்தான் வேலை. அடுத்த அறை காலி.

தையல்காரர் நிறுத்தினார்.

"இன்னும் கேக்குதா அவருக்கு?" மருந்துக்கடை அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

"கேக்குது. மோதிரச் சத்தம்தான். ஆனா கூப்பிடறதில்ல."

"பின்ன?"

"ஒரே தட்டு."

யாரோ கைபேசியைக் கையில் எடுத்தார்கள். வெளிச்சம் சுவரெல்லாம் ஆடியது.

"ஒரே தட்டுன்னா... 'வரேன்'தானே?"

தையல்காரர் தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"மொதல்ல சுவத்துல கேட்டுச்சாம். போன வாரம் கதவுல. நேத்து சாயங்காலம்... அண்ணன் உக்காந்திருந்த நாற்காலியோட முதுகுல."