தேனீக்களுக்குச் சொல்லாத சேதி

நேழா (மனசுக்குள்): வேலிக்கதவுக்குள்ள நுழையறது காஷ்பர் அண்ணன்தான். கோயில் மணியடிக்க ஓட்டமா ஓடற மனுஷன், இன்னைக்கு மெதுவா வர்றார். வாயைத் திறக்க விடக்கூடாது.

காஷ்பர்: கதவு திறந்தேதான் இருந்தது, அதான்...

நேழா: தொப்பியை ஏன் கழட்டறீங்க? இங்க பூசையா நடக்குது?

காஷ்பர்: புழுங்குது.

நேழா: அக்டோபர்லயா?

காஷ்பர்: சரி, குளிருது. போட்டுக்கறேன்... பங்குச் சாமியோட தேனீயெல்லாம் எப்படி இருக்கு?

நேழா: அதுங்களுக்கென்ன. யெர்னேய் சாமி மாரிபோர் ஜெயில்ல இருக்கார்னு அதுங்களுக்குத் தெரியவா போகுது? விடியக்காலம் கனவுல வந்தார். முன்பலகையில ஆதாம் ஏவாள் படம் போட்ட தேனீக்கூட்டுக்கு முன்னாடி உக்காந்து, பிள்ளைங்களுக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்துக்கிட்டு... தேனீ கொட்டி உதடு பழையபடி வீங்கியிருந்தது.

காஷ்பர்: அந்த உதட்டோட ஒரு ஈஸ்டர் பிரசங்கம் வச்சாரே. ஒரு வார்த்தை புரியல.

நேழா: மத்த வருஷம் புரிஞ்சுதாக்கும். தூங்கிக்கிட்டுல்ல இருப்பீங்க.

காஷ்பர்: கண்ணை மூடிக் கேப்பேன்... ஜெபத்தைக்கூட ஜெர்மன்லதான் சொல்லணும்னு ஊரைப் பிடிச்ச ஜெர்மன்காரனுங்க உத்தரவு போட்டானுங்க. இவர் பிள்ளைங்களைத் தேனீக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போய் நம்ம பேச்சுல சொல்லிக் கொடுத்தார். கொட்டுக்குப் பயந்து சிப்பாய் உள்ள வரமாட்டான்னு நம்பினாரே, பாவம்...

நேழா: வந்தான். முகமெல்லாம் கொட்டு வாங்கிக்கிட்டு வந்தான். இவர்தான் அவனுக்கு வினிகர் தடவிவிட்டார்.

காஷ்பர்: தடவின கையிலயே விலங்கு மாட்டினான்.

நேழா: கனவுல விலங்கு இல்ல. கை நிறைய தேனீதான்.

காஷ்பர்: நேழா... பனி விழறதுக்குள்ள கூடுகளை ஒரு தடவை தட்டிச் சொல்லிடேன்.

நேழா: என்னன்னு?

காஷ்பர்: வழக்கமா சொல்றதுதான்...

நேழா: எசமான் செத்துட்டார்னு சொல்லத்தானே தட்டுவோம். யார் செத்தா?

காஷ்பர்: நான் அப்படிச் சொன்னேனா? தேனீக்காகக் கேக்கறேன். சொல்லாம விட்டா குளிர்ல மொத்தமா அழிஞ்சிடும். எங்கப்பா போனப்ப மறந்துட்டோம், ஒரு கூடு மிஞ்சல.

நேழா: அப்ப நீங்களே தட்டுங்க.

காஷ்பர்: வீட்டு ஆள் தட்டணும். இத்தனை வருஷம் அவருக்குச் சமைச்சுப் போட்டவ நீ.

நேழா: காபி போடட்டுமா? பார்லி காபிதான்.

காஷ்பர்: துக்கமணி அடிக்கவும் அவனுங்க விடமாட்டேங்கறானுங்க. தேனீக்காவது தெரியட்டும்மா...

நேழா: யார் சொன்னா உங்களுக்கு?

காஷ்பர்: ஜெயிலுக்கு ரொட்டி கொண்டுபோற என் மச்சான். வெள்ளிக்கிழமையாம். சுவரோரமா நிக்க வச்சு... கண்ணைக் கட்ட வேண்டாம்னு சொன்னாராம். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்...

நேழா: மறுநாள் ஜெயிலுக்கு அவரோட துவைச்ச சட்டையை எடுத்துட்டுப் போனேன். இனிமே வேண்டாம்னு காவல்காரன் வாசல்லயே திருப்பிக் கொடுத்துட்டான்.

காஷ்பர்: அப்ப... எல்லாம் தெரிஞ்சேவா இவ்வளவு நேரம்...

நேழா: உக்காருங்க.

காஷ்பர்: தேனீங்க செத்துடும், நேழா.

நேழா: சாகலாம்... அவர் இன்னும் உயிரோட இருக்கிற இடம் அந்தக் கூடுங்க மட்டும்தான். நான் தட்டமாட்டேன், அண்ணே.