பதிவுப் பெயர்

மெட்ரோவில் எனக்கெதிரே இரண்டு தமிழ்ப் பெண்கள். இளையவளின் மடியில், 'கார்தெரி' எனப்படும் குழந்தைகள் காப்பகத்திலிருந்து கூட்டிவந்த மகள்.

"என்னடி சொல்லுறாய்? பிள்ளைக்குக் காது கேக்காதோ?"

"ஓமக்கா. புதுக் கார்தெரியிலை சோதிச்சவை. பேர் சொல்லிக் கூப்பிடத் திரும்பேல்லையாம். வளர்ச்சியும் பிந்திப்போச்சாம். விசேஷ வகுப்பிலை விடப்போகினமாம். நானும் ஓமெண்டு ஒப்பம் வைச்சிட்டன்."

"என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டவை?"

"பதிவுப் பேர்தான். எண்சாத்திரம் பாத்து வைச்சமே, தாரிஷ்விகா."

"கடவுளே! அந்தப் பேராலை உங்கடை வீட்டிலை ஆரடி கூப்பிடுறது?"

தாய் குனிந்து மகளைப் பார்த்தாள்.

மூத்தவள் குரலைத் தாழ்த்தி, வீட்டில் செல்லமாக அழைப்பதுபோல், "குஞ்சு" என்றாள். ரயில் இரைச்சலில் எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

பிள்ளை சட்டென்று திரும்பிச் சிரித்தது.

"ஐயோ அக்கா!"

"அழாதை, எழும்பு. அடுத்த ஸ்டேசனிலை இறங்கிக் கார்தெரிக்கே திரும்பிப் போவம்."